முந்தி வரும் மருந்து

எங்க ஊர்ல நோய் வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே மருந்து வந்துரும். வெளியூர்ல எப்படின்னு எனக்குத் தெரியாது, கீழமணல்ல இப்படித்தான். கோயிலுக்கு வடக்கே உப்பளத்துக்குப் போற பாதை ஓரத்துல, பத்து ஆம்பளைங்க கைகோத்து நின்னாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன்ல ஒரு பப்பரப்புளி மரம் நிக்குது. அதுல இருந்து ஒரு பழம் காம்போட கழண்டு விழும், விழுந்தது சும்மா கிடக்காது, உருண்டு வரும், காலையில பதினோரு மணிக்கு, ஊரே பாத்துக்கிட்டு இருக்க, ஐஸ் கம்பெனி முக்குல திரும்பி, எதிர்ல சைக்கிள் வந்தா ஒதுங்கி நின்னு வழிவிட்டு, மீன் கழுவுன தண்ணி தேங்கிக் கிடந்தா சுத்திக்கிட்டு, யார் வீட்டுல காய்ச்சலோ வயித்துப்போக்கோ வரப் போகுதோ அந்த வீட்டு வாசப்படியில வந்து நிக்கும். அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள அந்த வீட்டுல ஒருத்தர் படுப்பாங்க. பழத்தை உடைச்சுக் குடுத்தா எழும்பிருவாங்க. குடுக்கலன்னா எழும்ப மாட்டாங்க. இவ்வளவுதான் விஷயம்.

மரம் எங்க ஊரு மரம் இல்ல. ஆப்பிரிக்கா பக்கத்துல இருந்து கப்பல்ல வந்தவங்க எந்தக் காலத்துலயோ வச்சுட்டுப் போனதுன்னு சொல்லுவாங்க, வச்சவங்க பேரும் தெரியாது, மதமும் தெரியாது, ஆனா எதுக்கு எதைத் திங்கணும்னு மட்டும் எங்க சனங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பழத்தோட ஓடு தேங்காச் சிரட்டை மாதிரி கடுசா இருக்கும், மேல பூனை முடி மாதிரி மெத்துன்னு ஒரு பச்சை. உடைச்சா உள்ள ஈரமே இருக்காது, மரத்துல தொங்கும்போதே காஞ்சு, சுண்ணாம்புக் கட்டி கட்டியா வெள்ளையா நிக்கும். அதைத் தண்ணியில ஊறப்போட்டு, கையால பிசைஞ்சு, நாரையும் கொட்டையையும் எடுத்துட்டு, கருப்பட்டி கரைச்சுக் குடிச்சா வயித்துப்போக்கு நிக்கும், காய்ச்சல் இறங்கும், நாக்குப்புண் ஆறும். கொழுந்தைக் கீரையா வதக்குவோம், முத்துன இலையைக் காய வச்சுப் பொடிச்சு குழம்புல போடுவோம், கொட்டையை வறுத்து இடிப்போம், குளிர்காய்ச்சலுக்குப் பட்டையைக் கொதிக்க வைப்போம். பிள்ளை பெத்தவளுக்கு நாப்பது நாளும் அந்தப் பழத்தண்ணிதான், ரத்தம் ஊறும், எலும்பு இறுகும், பால் சுரக்கும். ஆரஞ்சுப் பழத்தைவிட இதுல சத்து கூடன்னு துணை சுகாதார நிலையத்து நர்சு பாக்கியவதி அக்காவே சொல்லும்.

ஆக, மருந்தா இருக்கிறது அதுக்குப் புதுசு இல்ல. உருளுறதுதான் புதுசு.

முதல் பழம் வலைக்கார அந்தோணிப்பிச்சை வீட்டுக்குத்தான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க உதைச்சு விளையாடுதுங்கன்னு நினைச்சு, எடுத்து மாடக்குழியில வச்சார். ஆறாம் நாள் அவரோட சின்ன மகளுக்கு வயித்தால போய் கண்ணு உள்ள சொருகிருச்சு. கைக்கு எட்டுன பழத்தை உடைச்சு அவர் பொஞ்சாதி கரைச்சு ஊத்துனா. மறுநாள் அந்தப் பிள்ளை தெருவுல பாண்டி ஆடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது, மூணாவது, பத்தாவது பழமும் இப்படியே வந்து, இப்படியே ஆச்சு. அப்புறம் ஊரு கணக்குப் புரிஞ்சுக்கிச்சு: கோழிமுட்டை அளவுன்னா சளி, தேங்கா அளவுன்னா டைபாய்டு, அதுக்கு மேலன்னா சாகக் கிடக்கிறவங்களுக்கு எண்ணெய் பூசுற பூசுதல் குடுக்கக் கோயில் சாமியார்ட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிரணும்.

முதல் ரெண்டு மாசம் எல்லாருக்கும் சந்தோசம். சாமியார் பூசையிலயே, ஆண்டவர் எந்த வழியில உதவி செஞ்சாலும் உதவிதான்னு சொல்லிட்டார். மூணாவது மாசத்துல இருந்து சந்தோசம் போய் பயம் வந்துருச்சு. நோய் வந்தாத்தான் பயப்படுறது வழக்கம், இப்போ வர்றதுக்கு முந்தியே ஏழு நாள் உக்காந்து பயப்பட வேண்டியதாச்சு, பத்தாததுக்கு வீட்டுல யாருக்குன்னு பழம் சொல்லாது. மாமியார் மருமகளைப் பாப்பா, மருமக மாமியாரைப் பாப்பா, தும்முனவன் எல்லாம் கேவலத்துக்கு ஆளானான். பத்தரை மணி ஆனாலே தெருவுல பேச்சு நின்னுரும், கடற்கரை ஊத்துக்குத் தண்ணி எடுக்கப் போனவங்களும் திரும்பி வந்துருவாங்க, குடுகுடுன்னு ஒரு சத்தம் கேட்டா ஒவ்வொருத்தியும் கதவைச் சாத்தி உள்ள நின்னு சிலுவை போடுவா, சத்தம் தாண்டிப் போச்சுன்னா கதவைத் திறந்து, அடுத்த வீட்டுக்காரிக்காகப் பரிதாபப்படுவா. பொண்ணு பாக்க வர்றவங்க நகையை அப்புறம் கேட்டாங்க, இந்த வருசம் ஒங்க வீட்டுக்கு எத்தனை பழம் வந்துச்சுன்னு முதல்ல கேட்டாங்க. படகுக்காரர் வீட்டுக்குப் பழம் வந்தா அந்தப் படகுல ஏற ஆள் கிடைக்கல.

விரட்டிப் பாத்தவங்களும் உண்டு. உதைச்சு அடுத்த வாசலுக்குத் தள்ளுனா அது தெருவைச் சுத்திட்டு பழைய வாசலுக்கே வரும். மிச்சம் கிடந்த பழத்தை இரவல் வாங்கிக் கரைச்சாங்க, ஒரு வீட்டுக்கு வந்தது இன்னொரு வீட்டுக்காரன் வாயில வெறும் சுண்ணாம்பாப் போச்சு, நாக்கு வெந்ததுதான் மிச்சம். ஐஸ் கம்பெனி மேஸ்திரி சலேத்துராசு தனக்கு வந்த பழத்தைப் பஸ்ல ஏத்தி அனுப்புனார், சாயங்கால பஸ்லயே திரும்பி வந்துச்சு. விடலையே மனுசன், மறுநாள் மீன் லாரியில ஐஸுக்கு அடியில போட்டு கேரளாவுக்கே அனுப்பிட்டார். நாலாம் நாள் காய்ச்சல் வந்து ஏழாம் நாள் போய்ச் சேர்ந்தார். பழம் ஒன்பதாம் நாள் ரோடு ரோடா உருண்டு, ஓடெல்லாம் தேஞ்சு வந்து சேர்ந்துச்சு, வீட்டுக்குப் போகல, நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவர் தலைமாட்டுல நின்னுச்சு. அதுக்கப்புறம் யாரும் விரட்டல.

இப்படி இருந்த ஊருக்குத்தான் நான் தலைப்பிரசவத்துக்கு வந்தேன். பிரகாசின்னு என் பேரு, தூத்துக்குடியில கட்டிக் குடுத்திருந்தாங்க, வீட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறார். எங்கம்மா இன்னாசியம்மா, எங்கப்பா கயித்தான், நான், வயித்துல ஒன்பதாம் மாசத்துப் பிள்ளை, அவ்வளவுதான் வீட்டுல.

எங்க வீட்டுக்குப் பழம் வந்த அன்னைக்கு நானும் அம்மாவும் வாசப்படியில இருந்தோம், நான் உள்ளி உரிச்சேன், அம்மா சாளை மீன் ஆய்ஞ்சா. குடுகுடுன்னு கேக்கல, உரல் உருள்ற மாதிரி கேட்டுச்சு. முக்குல திரும்பும்போது பாத்தேன், மீன் கழுவுற சட்டி அளவுக்கு இருந்துச்சு ஒரு பழம். அவ்வளவு பெரிசு ஊர்ல அதுவரைக்கும் யாரும் பாத்தது இல்ல. கதவைச் சாத்தக்கூட மறந்து எல்லாரும் எழும்பி நின்னாங்க, சவ ஊர்வலத்துக்கு நிப்பாங்களே அப்படி. பக்கத்து வீட்டு மிக்கேலம்மா வாசலுக்கும் எங்க வாசலுக்கும் நடுவுல வந்து அது நின்னுச்சு, யோசிச்சுச்சு. "ஏசுவே, தள்ளிப் போயிரு, தள்ளிப் போயிரு"ன்னு மிக்கேலம்மா வாய்விட்டே அழுதா. அது எங்க பக்கமாத் திரும்பி, ஆய்ஞ்ச சாளைக்குப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. பிள்ளை உள்ள ஒரு உதை உதைச்சுது.

அம்மா கத்தியைக் கீழ வச்சா. பழத்தைப் பாக்கல, என் வயித்தைத்தான் பாத்தா.

"இது ஒனக்கு வந்திருக்குட்டி"ன்னா.

"யாருக்குன்னு அதுல எழுதியா இருக்கு?"ன்னு உள்ள இருந்து வந்த எங்கப்பா கேட்டார். "மூணு பேரு இருக்கோம். எனக்குக்கூட இருக்கும்."

"தலைப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல எது வந்தாலும் மொதக் கை அவளுக்குத்தான். அதுகூடவா தெரியாது ஒங்களுக்கு?"

எங்க ஊரு வழக்கம் அப்படித்தான். தலைப்பிள்ளைக்கு வந்தவ வீட்டுல குழம்புல முதல் மீன், பானையில முதல் தண்ணி, சந்தையில இருந்து வந்த பையில முதல் பழம், எல்லாம் அவ கை பட்டப்புறம்தான் மத்தவங்களுக்கு. அது ஆசைக்கு வச்ச வழக்கம். அதைப் போய் நோய்க்கும் வச்சுக்கிட்டா எங்கம்மா.

பழத்தைத் தூக்கிட்டுப் போய் மாதா படத்துக்குக் கீழ ஒரு சும்மாடு சுத்தி அதுமேல அசையாம வச்சா. யாருக்கு முதல்ல உடம்பு சுடுதோ அவங்களுக்கு அன்னைக்கே உடைக்கணும்னு அப்பா கண்டிசனாச் சொன்னார். சரின்னா. மண்டையை மண்டையை ஆட்டுனா.

அந்த வாரம் நான் பட்ட பாடு எந்தப் பிள்ளைத்தாச்சியும் படக் கூடாது. காலையில கண்ணு முழிச்சதும் என் நெத்தியைத் தொட்டுப் பாப்பேன், அப்புறம் வயித்தைத் தொட்டுப் பாப்பேன், பிள்ளை அசைஞ்சா ஏன் இவ்வளவு அசையுதுன்னு பயம், அசையலன்னா ஏன் அசையலன்னு பயம். அப்பா ஒரு தடவை இருமுனார், நானும் அம்மாவும் ஓடிப் போய் முன்னால நின்னோம், "மீன் முள்ளுட்டி, விடுங்க"ன்னு கத்துனார். அவ்வளவு பெரிய பழம்னா எவ்வளவு பெரிய நோய்? எனக்கு வந்தா பிள்ளை என்ன ஆகும்? இதையே நினைச்சுக்கிட்டு, அம்மா வேளைக்கு வேளை நீட்டுன கஞ்சியை என்ன ஏதுன்னு பாக்காம மடக் மடக்குன்னு குடிச்சேன்.

அம்மாவை நான் பாக்கவே இல்ல, அதான் என் புத்தி. மூணாம் நாள்ல இருந்து அவ அடுப்பை விட்டு நகரல. "ஏம்மா இப்படி வேர்க்குது?"ன்னா "அடுப்படியில வேர்க்காம ஐஸ் கம்பெனியிலயா வேர்க்கும்?"னு கேப்பா. நான் தொடப் போனா "மீன் கைட்டி, கவுச்சி, தள்ளி நில்லு"ன்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுவா. ஒதடு காய்ஞ்சு வெடிச்சது தெரியக் கூடாதுன்னு வாய் நிறைய வெத்தலை. எங்கம்மாவுக்கு வெத்தலைப் பழக்கமே கிடையாது, அதையாவது நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

ஆறாம் நாள் பத்து மணிக்கு, அம்மியில தேங்கா அரைச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே அம்மிமேல கவுந்துட்டா. ஓடிப் போய் கையைப் பிடிச்சேன், தோசைக்கல்லுல கை வச்ச மாதிரி இருந்துச்சு. "எப்பா!"ன்னு நான் போட்ட கூச்சல்ல மிக்கேலம்மாவும் ஓடி வந்துட்டா. மூணு பேரும் சேர்ந்து தூக்கிப் பாயில கிடத்துனோம். அப்பா ஒரே எட்டுல போய்ப் பழத்தை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்னுட்டார்.

"என்னப்பா?"

"வெயிட்டே இல்லம்மா"ன்னார்.

அரிவாளால ஒரு போடு போட்டு உடைச்சார். உள்ள ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் நாரு, நாலு கொட்டை. அடியில, சும்மாட்டுக்குள்ள மறைஞ்சிருந்த பக்கம், கட்டை விரல் போற அளவுக்கு ஒரு ஓட்டை, கோயில் மெழுகுவத்தியை உருக்கி அதை அடைச்சு வச்சிருந்தா.

அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போச்சு. "திட்டாதீங்க"ன்னா. "வந்தப்புறம் குடுக்கிறதைவிட, வர்றதுக்கு முந்தியே குடுத்துட்டா அவளுக்கு வராதுல்லா. அதான் மொத நாள்ல இருந்தே நோண்டி நோண்டி கஞ்சியில கரைச்சு ஊத்திட்டேன்."

"ஒனக்கு எப்ப சுட்டுச்சு?"ன்னு அப்பா கேட்டார்.

"மூணாம் நாளு. பாதிக்கு மேல போயிருந்துச்சு. மிச்சத்தை மட்டும் நான் குடிச்சு என்னத்துக்கு? அவளுக்கே முழுசா இருக்கட்டும்னு..."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. செத்துக்கிட்டு இருக்கிறவளைப் பாத்து, "ஒனக்கு அறிவு இருக்காம்மா? யாரு கேட்டா ஒன்கிட்ட? பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டு நான் யாரை அம்மான்னு கூப்பிடுவேன்?"னு கத்துனேன். கத்திக்கிட்டே அவ காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவ காலு கொதிச்சுது.

மிக்கேலம்மா ஓடிப் போய்த் தன் வீட்டு ஜாடியில மிச்சம் வச்சிருந்த பழப்பொடியை எடுத்துட்டு வந்தா. வேற வீட்டுப் பழம் ஆகாதுன்னு அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், இருந்தும் கரைச்சு ஊத்துனோம். சுண்ணாம்பாத்தான் போச்சு, அம்மா துப்பிட்டா. அதைப் பாத்த பிறகும் தெருவே ஒவ்வொரு பொட்டலமா கொண்டுவந்து வாசல்ல நின்னுச்சு, தினமும் பதினோரு மணிக்குக் கதவைச் சாத்துன அதே பொம்பளைங்க. எல்லாம் சுண்ணாம்பு.

பாக்கியவதி அக்கா வந்து பிரசர் பாத்துச்சு, முகம் மாறிருச்சு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுனாங்க, வர முக்கால் மணி நேரம் ஆகும்னு பதில். அக்கா ஈரத்துணியால அம்மாவைத் துடைச்சுக்கிட்டே, நான் மயங்கி விழுந்துருவேனோன்னு பயந்து என்னைத் தேத்தப் பாத்துச்சு.

"நீ தைரியமா இருட்டி. ஒனக்கு ஒண்ணும் வராது. அவ்வளவு பெரிய பழம் முழுசா ஒன் உடம்புக்குள்ள கிடக்கு. தாய் தின்னதெல்லாம் பிள்ளைக்குப் பாலாத்தான் போகும், வீணாப் போகாது..."

சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அக்கா கை நின்னுருச்சு. என்னைப் பாத்துச்சு. நான் என் ஜாக்கெட்டைப் பாத்தேன். ரெண்டு நாளா சீம்பால் கசிஞ்சு நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, வெக்கத்துல யார்ட்டயும் சொல்லாம சேலையை இழுத்து மூடிக்கிட்டுத் திரிஞ்சேன்.

"புத்தகத்துல இல்ல இது"ன்னு அக்கா மெதுவாச் சொல்லுச்சு. அப்புறம் எழும்பி, "எல்லாரும் வெளிய போங்க, அண்ணே நீங்களும்"னு சத்தம் போட்டு விரட்டி, கதவைச் சாத்துச்சு.

பிள்ளைக்குப் புகட்டன்னு அம்மா புதுசா ஒரு வெள்ளிச் சங்கு வாங்கி வச்சிருந்தா, துணி சுத்தி, பெட்டிக்குள்ள. அதைத்தான் எடுத்தேன். சொட்டுச் சொட்டா, கெட்டியா, மஞ்சளா வந்துச்சு, விரல் வலிச்சுது, கண்ணுல தண்ணி வந்துச்சு, பிழிஞ்சேன், வெளிய தெரு சனம் செபமாலை சொல்ற சத்தம் கேட்டுச்சு, அவங்க மாலையில பத்து மணி உருட்டி முடிச்ச பிறகும் சங்குல பாதி கூட நிறையல, பிள்ளை உள்ள முட்டுச்சு, மன்னிச்சுக்கோ ராசான்னு சொல்லிக்கிட்டே பிழிஞ்சேன். முக்கால் சங்கு ஆச்சு. அதுக்கு மேல வரல.

வாய்க்கிட்ட கொண்டு போனா எங்கம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டா. அந்தக் காய்ச்சல்லயும் அவளுக்கு என்னன்னு தெரிஞ்சுருக்கு.

"பிள்ளைக்கு உள்ளதுட்டி. வேண்டாம். பாவம்."

"ஒனக்கு வந்ததும்மா. நீ என்கிட்ட குடுத்து வச்ச, நான் திருப்பித் தாரேன்."

தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. பேசிப் பிரயோசனம் இல்ல. சின்னப் பிள்ளையில விளக்கெண்ணெய் குடிக்க மாட்டேன்னு நான் அடம்பிடிச்சா அவ என்ன செய்வாளோ அதையே செஞ்சேன், மடியில தலையைப் போட்டு, மூக்கைப் பிடிச்சு, மூச்சுக்கு வாயைத் திறந்தப்போ சங்கைக் கவுத்துட்டேன். அக்கா தொண்டையைத் தடவிவிட்டுச்சு. மடக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.

நானும் அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். முதல்ல மேல் ஒதட்டுல வேர்த்துச்சு, அப்புறம் கழுத்துல, அப்புறம் பாய் நனையுற அளவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. அக்கா பிரசரைப் பாத்துச்சு, திரும்பவும் பாத்துச்சு, தலையில கை வச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. தெருமுனையில ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டப்போ எங்கம்மா சுவர்ல சாஞ்சு உக்காந்து, அவுந்த கொண்டையைத் தேடிக்கிட்டு இருந்தா. வெளிய அப்பா அந்த டிரைவர்ட்ட, தம்பி, கோவிச்சுக்காதீங்க, எழும்பிட்டா, நீங்க ஒரு டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தது கேட்டுச்சு.

அம்மா என்னை நல்லாப் பாத்தா. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப் போறான்னு நினைச்சேன்.

"பிள்ளைக்கு மிச்சம் வச்சியாட்டி?"ன்னு கேட்டா.

"வச்சிருக்கேம்மா"ன்னேன். சேலைக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் காஞ்சு கிடந்துச்சு.

இடுப்புல முதல் வலி அப்பத்தான் எடுத்துச்சு. கதவைப் பிடிச்சுக்கிட்டு எழும்பி நின்னேன்.

"எப்பா"ன்னு கூப்பிட்டேன், "வண்டியைப் போகச் சொல்லாதீங்க."